இரட்டிப்பு அட்வான்ஸ் வேண்டாம், மனைதான் வேண்டும்

கேள்வி: திருச்சி அருகே ஒரு மனையை 40 லட்சத்துக்குப் பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் அக்ரிமெண்ட் போட்டேன். பதிவு செய்யவில்லை. கெடு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இழுத்தடித்தவர், விலை ஏறியதும் ‘அக்ரிமெண்டில் உள்ளபடி அட்வான்ஸை இரட்டிப்பாகத் தருகிறேன், ஆளை விடுங்கள்’ என்கிறார். மனையைக் கேட்டு வாங்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் காலண்டரைப் பாருங்கள். கெடுத் தேதி குறித்த அக்ரிமெண்ட் என்றால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் ‘ஏற்றதை ஆற்றுதல்’ வழக்கு, அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கு, போட்டாக வேண்டும். உங்களிடம் மிச்சம் ஒரு வருடம்தான். ‘தை பிறக்கட்டும்’ என்று அவர் வாயால் சொல்லும் தவணையை நம்பி உட்காராதீர்கள்.

இரட்டிப்பு ஷரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 23-வது பிரிவின்படி, அந்தத் தொகை ஒப்பந்தம் மீறப்படாமல் இருக்கப் போட்ட கடிவாளம் மட்டும் என்றால், அதைக் கொடுத்துவிட்டு அவர் நழுவ முடியாது. ‘பணம் கொடுத்து விலகிக்கொள்ளலாம்’ என்றே எழுதியிருந்தால் கதை வேறு. வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

பதிவு? தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய அக்ரிமெண்டுக்கும் பதிவு கட்டாயம். இருந்தும், பதிவாகாத அக்ரிமெண்டை இந்த வகை வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கு நிற்பதும் விழுவதும் அதே ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 16-வது பிரிவில்தான். மீதி 35 லட்சத்தோடு நீங்கள் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் கட்டச் சொன்னாலொழியப் பணத்தைக் கொண்டுபோய் வைக்கத் தேவையில்லை; பாஸ்புக், டெபாசிட் ரசீது, வங்கி கடன் அனுமதிக் கடிதம் போதும். இரண்டு வருடத்தில் ஒரு நோட்டீஸ்கூட அனுப்பினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பவில்லை என்றால் எனக்கு உறுத்துவது அதுதான். ‘பத்திரம் எப்போ சார்?’ என்று கேட்ட வாட்ஸ்அப் செய்தி இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். இதை நிரூபித்துவிட்டால், அந்தச் சட்டத்தில் 1.10.2018 முதல் வந்த திருத்தத்தால் தீர்ப்பு நீதிபதியின் விருப்புரிமையைப் பொறுத்தது அல்ல.

இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் சரியில்லையென்றால் வழக்கு, கூடவே வேறு யாருக்கும் விற்காதிருக்க இடைக்காலத் தடை மனு. மாற்றுப் பரிகாரமாக அட்வான்ஸைத் திருப்பித் தரவும் வழக்கிலேயே கேளுங்கள், கேட்காவிட்டால் கிடைக்காது. அப்புறம், கோர்ட் கட்டணம் அட்வான்ஸுக்கு அல்ல, முழு 40 லட்சத்துக்கும் 3 சதவீதம். 1,20,000 ரூபாயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.