பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்துத் தெருவில் போராடுவதால் பயன் உண்டா, இல்லை மக்களுக்கு இடைஞ்சல் மட்டும்தானா?

பயன் உண்டு. எல்லாப் போராட்டத்துக்கும் இல்லை, கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. கேள்வியில் நீங்கள் மூன்று காரணம் எழுதியிருக்கிறீர்கள்: போக்குவரத்து கெடுகிறது, மனு கொடுத்தாலே போதும், இதுவரை எதுவும் மாறியதில்லை. இதில் மனு விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வடசென்னை வியாசர்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப் அடிப்போம், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவோம். தெருவில் வந்து உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன்னால் இந்த மாதிரி ஒரு கடையில் வரிசையில் நின்றவர்கள்தான். மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு ஒரு மனு, முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒரு மனு, முதல்வர் உதவி எண் 1100-க்கு போன், வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு ஒரு நடை. ஒவ்வொன்றுக்கும் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், சம்பளச் சீட்டு இருந்தால் அதன் நகல். வாங்கி வந்த ஒப்புகைச் சீட்டு அழிந்துவிடக் கூடாது என்று அதை லேமினேட் பண்ணித் தரச் சொல்வார்கள். அப்படி ஒரு கட்டு காகிதத்தை கவரில் போட்டு வைத்திருக்கிறவர்களிடம் போய் “மனு கொடுக்கலாமே” என்று சொல்ல எனக்கு மனசு வராது. மனு எழுத ஆள் வேண்டும், எடுத்துப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டும், பதில் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போக வக்கீல் வேண்டும். வசதியுள்ளவருக்கு இதெல்லாம் ஒரு போன் காலில் முடிகிற வேலை. ஏற்றத்தாழ்வு என்று நாம் பேசுவதில் இதுவும் சேர்த்தி. சம்பளம் மட்டும் இல்லை, யார் சொன்னால் காது கேட்கும் என்பதும்தான்.

இப்போது போக்குவரத்து. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்காக கன்டெய்னர் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கிற நாட்களை காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை அந்த லாரிகளுக்கு நடுவில்தான் சைக்கிள் ஓட்டுகிறது, ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் வர வேண்டும். இது வருஷக்கணக்காக நடக்கிறது. அதைப் பற்றி யாரும் “பொதுமக்களின் நடமாடும் உரிமை” என்று பேசி நான் கேட்டதில்லை. இருநூறு பெண்கள் ஒரு நடைபாதையில் உட்கார்ந்தால் அந்த வார்த்தை உடனே வந்துவிடுகிறது. இடைஞ்சலே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. எந்த இடைஞ்சல் கணக்கில் வருகிறது, யாருடையது வராமல் போகிறது என்பதைப் பாருங்கள் என்கிறேன்.

ஆனால் போராட்டத்தை எதிர்க்கிறவர்கள் எல்லாம் வசதிக்காரர்கள், மனசில்லாதவர்கள் என்று எழுதினால் அது பொய். எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், கடையடைப்பு என்றாலே அவருக்கு ஆகாது. “நான் கோயம்பேட்ல இருந்து விடியகாலைல வாங்கின பூவ சாயங்காலம் என்னா பண்றது? யாரோ பெரிய ஆளுக்கு எதிரா போராடறாங்க, அவனுக்கு ஒரு ரூபா நஷ்டம் இல்ல, எனக்கு வட்டி ஏறுது” என்பார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி. கட்டாயப்படுத்தி ஷட்டரை இறக்க வைக்கிற கடையடைப்பை நான் ஆதரிப்பதே இல்லை. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் வட்டி கட்டுகிறவர் தலையில்தான் அதன் மொத்தச் செலவும் விழுகிறது. அதே மாதிரி கட்சிக்காரர்கள் ஆள் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து, பிரியாணி போட்டு வேனில் ஏற்றிக்கொண்டு போகிற ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் ஏரியாப் பையன்களுக்குப் போராட்டம் என்றாலே நம்பிக்கை போய்விட்டது. ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் “இன்னா மாமா, அவன் அவன் படிச்சு மேல வரணும், ரோட்ல உக்காந்தா சம்பளம் ஏறிடுமா?” என்று கேட்கிறான். அவன் கஷ்டப்பட்டுப் படித்து வந்தவன், அதனால் அவன் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

அவனுக்கு நான் சொல்கிற பதில் இந்தப் பக்கத்துச் சரித்திரம். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். ஆனால் அதற்கு விதை போட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் வியாபாரிகள். பெரம்பூர் பின்னி துணி மில் தொழிலாளிகள் மத்தியானம் சோற்றை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவதைப் பார்த்து, சாப்பாட்டு நேரத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று தொடங்கிய பேச்சு அது. நிர்வாகம் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. வேலைநிறுத்தத்துக்குத் தூண்டினார்கள் என்பதே சங்கத்தின் மேல் போட்ட குற்றச்சாட்டு. அந்த வழக்கைப் பார்த்து எழுந்த கோரிக்கைதான் நாடு முழுக்கப் போய் 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக வந்தது. இன்று அவன் ஆபீஸில் எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, பிஎஃப் என்று எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் யாரோ தெருவில் நின்றிருக்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தின் இன்னொரு பாதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும், மேடைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள். 1921-இல் அதே மில்லில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களிடம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஒரு வாரத்துக்குக்கூட வழி இல்லை. சங்கத்தில் பேசுகிறவர்கள் யாரும் தங்களைச் சமமாக நடத்தியதும் இல்லை. அதன்பின் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, கடைசியில் வேலைநிறுத்தமும் தோற்றது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கிற ஏற்றத்தாழ்வைப் பேசுகிறவர்கள் தங்களுக்குள் இருக்கிற சாதி ஏற்றத்தாழ்வைப் பேசாமல் விட்டதன் விலை அது. எந்தப் போராட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான்: மைக் யார் கையில், ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் ஸ்டேஷனில் உட்காரப் போவது யார்? இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்றால் எனக்குப் பயமாக இருக்கும்.

சரி, “எதுவும் மாறியதில்லை” என்கிறீர்கள். வெளியூர் உதாரணங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2011 செப்டம்பர் 17-இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் பக்கத்துப் பூங்காவில் கூடாரம் போட்டார்கள், “நாங்கள் 99 சதவீதம்” என்றார்கள், நவம்பர் 15 விடியற்காலையில் போலீஸ் காலி பண்ணியது. ஒரு சட்டமும் வரவில்லை. ஆனால் அடுத்த வருஷம் நவம்பரில் அதே ஊரில் ஃபாஸ்ட்ஃபுட் கடை ஊழியர்கள் மணிக்கு 15 டாலர் சம்பளம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சில வருஷத்தில் நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் 15 டாலருக்குச் சட்டம் போட்டன. ஊர் ஒன்றுதான், கோபமும் ஒன்றுதான். முதல் கூட்டம் யாரிடம் என்ன வேண்டும் என்று சொல்லவில்லை, இரண்டாவது கூட்டம் ஒரு தொகையைச் சொன்னது. பிரான்ஸில் 2018-இல் மஞ்சள் சட்டை போட்ட போராட்டக்காரர்கள் டீசல் வரி உயர்வை எடு என்றார்கள், ஒரு மாதத்துக்குள் அரசாங்கம் அந்த உயர்வைக் கைவிட்டது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் இலங்கை. 2022-இல் எரிபொருளும் கேஸும் இல்லாமல் மக்கள் கொழும்பு காலிமுகத்திடலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். அதைவிடப் பெரிய வெற்றி தெருவுக்கு என்ன இருக்கிறது? ஆனால் அதற்குப் பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) கடன் வந்தது, மின்கட்டணம் ஏறியது, 2024 ஜனவரியில் வாட் வரி 15-இலிருந்து 18 சதவீதம் ஆனது. ஆளை இறக்கினார்கள், அரிசி விலைச் சீட்டில் அந்த மாற்றம் வரவில்லை. ஒருவரைத் துரத்துவதும் ஒரு வீட்டுச் செலவைக் குறைப்பதும் வேறு வேறு வேலை. இரண்டாவதற்கு மறுநாள் காலையில் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார ஆள் வேண்டும், கணக்குத் தெரிந்த ஆள்.

தமிழ்நாட்டில் 2023-இல் நடந்தது நினைவிருக்கும். 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஏப்ரல் 21 சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்று வேலைநிறுத்தம் என்று அறிவித்தன, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24-ஆம் தேதி நிறுத்திவைப்பு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வரே அறிவித்தார். தெருவில் இறங்குவார்கள் என்ற பயமே போதுமானதாக இருந்தது. அந்தப் பயம் எப்போதுமே இல்லாத ஊரில் அந்தத் திருத்தம் இன்று அமலில் இருந்திருக்கும்.

அப்புறம் 2025 ஆகஸ்ட். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் 1-ஆம் தேதியிலிருந்து சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது, தனியாரிடம் போனால் 17,000-க்குள் வரும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. வேலையையும் நிரந்தரமாக்கச் சொன்னார்கள். கொரோனாவிலும் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் இந்தத் தெருக்களை அள்ளிச் சுத்தம் பண்ணியவர்கள் இவர்கள்தான். அனுமதியில்லாத இடம் என்று உயர் நீதிமன்றம் அப்புறப்படுத்தச் சொன்னது, 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். மறுநாளே அமைச்சரவை ஆறு திட்டங்களை அறிவித்தது: காலை உணவு, பணியில் இறந்தால் 10 லட்சம் காப்பீடு, வீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று. அவர்கள் கேட்டது சம்பளமும் நிரந்தரமும், வந்தது இட்லியும் காப்பீடும். இதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதின்மூன்று நாள் இல்லையென்றால் அந்த ஆறு திட்டங்கள் அந்த வியாழக்கிழமை வந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டதைக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்துச் சமாளிப்பது அரசாங்கத்தின் பழைய பழக்கம். அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது.

அனுமதி விஷயத்தில் ஒரு வார்த்தை. 1888-இல் வெள்ளைக்காரன் போட்ட நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவுதான் இன்றும் சென்னையில் கூட்டம் கூடுவதைக் கட்டுப்படுத்துகிறது. அமைதியாகக் கூடுவது அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பு சொல்கிறது, பொதுவழியைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது என்று டெல்லி ஷாகின்பாக் சாலை மறியல் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் நான் ஏற்கிறேன். ஆனால் போலீஸ் ஒதுக்கித் தருகிற இடத்தில் மைதானத்துச் சுவரைப் பார்த்துக் கோஷம் போடச் சொன்னால், முடிவெடுக்கிறவர் காதில் அது எப்படி விழும்? அலுவலக வாசல் தெரிகிற தூரத்தில், வண்டி போக வழி விட்டு, ஒரு இடம் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும். மாநகராட்சிக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

உங்கள் கேள்வியில் வராத ஒரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் கணக்குப்படி 2022-23-இல் இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதம் பேரிடம் நாட்டின் சொத்தில் 40.1 சதவீதம், வருமானத்தில் 22.6 சதவீதம். இப்படி ஒரு கணக்கு இருக்கிற நாட்டில் யாரும் தெருவுக்கு வராமல் இருந்தால்தான் எனக்குக் கவலை வரும்.

நீங்கள் போவீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். போவேன், போயிருக்கிறேன். நோட்டீஸை வாங்கிப் படிப்பேன். யாரிடம் கேட்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், இதற்கு முன் எங்கெல்லாம் போய்க் கேட்டார்கள் என்று அதில் இருந்தால் கடையைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரமாவது போய் உட்காருவேன், மனுக்களுக்கு ஜெராக்ஸ் காசு வாங்க மாட்டேன். தலைவர் படம் மட்டும் பெரிதாகப் போட்டு கோரிக்கை கடைசி வரியில் இருந்தால் போக மாட்டேன். பூக்கார அக்காவைக் கடையை மூடச் சொல்கிற எவனோடும் நிற்க மாட்டேன், அவன் கையில் எந்தக் கொடி இருந்தாலும்.