“கடிக்கக் கூடாது” என்று அவனே சொல்கிறான், அப்புறம் கடிக்கிறான்!

கேள்வி:

நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகள் 16 பேர். பார்த்துக்கொள்ள நானும் இன்னொருவரும். அதில் ஒரு பையனுக்கு மூன்றே கால் வயது. தள்ளுவான், முடியைப் பிடித்து இழுப்பான். போன வாரம் மட்டும் இரண்டு பேரைக் கடித்துவிட்டான். உட்காரவைத்துக் கேட்டால், “கடிக்கக் கூடாது, வலிக்கும்” என்று அவனே ஒப்பிக்கிறான். பத்து நிமிடம்கூட ஆகாது, மறுபடி ஆரம்பித்துவிடுவான். திட்டிப் பார்த்தேன், மூலை நாற்காலியில் உட்காரவைத்தேன், ‘சாரி’ சொல்லவைத்தேன். எதுவும் பலிக்கவில்லை. மற்ற பெற்றோர் அவனை நிறுத்தச் சொல்கிறார்கள். நிர்வாகியும் யோசிக்கிறார். தெரிந்தே செய்கிற பிள்ளையை எப்படித் திருத்துவது? சில நாள் அவன் வாசலில் வந்து நின்றாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசி இரண்டு வரிகளை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்த எரிச்சல் எனக்கும் வந்திருக்கிறது. அதைப் பிறகு பேசுவோம். முதலில், கேள்விக்குள்ளேயே நீங்கள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்: “தெரிந்தே செய்கிறான்.” அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

விதி அவனுக்குத் தெரிகிறது, சரி. தெரிந்த விதியைச் சமயத்தில் பிடித்து நிறுத்தும் திறன் தனியாக வளர்வது. உளவியலாளர் பிலிப் செலாசோவும் அவருடைய சகாக்களும் 1996-ல் வெளியிட்ட ஒரு சீட்டுச் சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. பிள்ளையிடம் படச் சீட்டுகளைக் கொடுத்து, நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “இனி நிறம் வேண்டாம், உருவம் பார்த்துப் போடு” என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பழையபடி நிறம் பார்த்தே போட்டுக்கொண்டிருப்பார்கள். “புது விளையாட்டில் இந்த உருவம் எங்கே போகணும்?” என்று கேட்டால் சரியான இடத்தைக் காட்டுவார்கள். சீட்டைக் கையில் கொடுத்தால், கை பழைய இடத்துக்கே போகும். நாலைந்து வயதில் பெரும்பாலோருக்கு இது கைவந்துவிடுகிறது.

வெறும் சீட்டுக்கே இந்தப் பாடு. கையிலிருந்த வண்டியை ஒருவன் பிடுங்கும்போது, “கடிக்கக் கூடாது” என்ற வாசகம் அவன் வாயில் இருக்கலாம், பல்லை நிறுத்தும் அளவுக்கு அதற்கு இன்னும் பலம் வரவில்லை. அவன் ஒப்பிப்பதைக் கேட்டு நாம் ஏமாந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் ரிச்சர்ட் திரம்ப்ளே என்ற ஆய்வாளர் ஏராளமான பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். அடிப்பதும் தள்ளுவதும் உச்சத்தில் இருப்பது பதின்பருவத்தில் என்றுதான் பலரும் நினைப்போம். அவர் கண்டது, இரண்டிலிருந்து மூன்றரை வயதுக்குள். அதன்பின் பெரும்பாலோரிடம் அது படிப்படியாகக் குறைகிறது. உங்கள் பையன் அந்த உச்சத்தில் இருக்கிறான். சும்மா விட்டால் சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. வில்லனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இரண்டு வாரம். ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எந்த இடம், யார் பக்கத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்துகொண்டிருந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது, இவ்வளவும் எழுதுங்கள். “கோபப்பட்டான்”, “வேண்டுமென்றே” என்றெல்லாம் எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும்: “தள்ளினான்”, “வலது கையைக் கடித்தான்”. இரவு வீட்டில் நினைவிலிருந்து எழுதினால் கதையாகிவிடும். அங்கேயே இரண்டு வார்த்தை கிறுக்கிவைத்தாலும் போதும்.

நான் வேலை பார்த்த ஒரு காப்பகத்தில் ஒரு சிறுமி இருந்தாள். “நாள் முழுக்கக் கடிக்கிறாள்” என்று எல்லோரும் சத்தியம் செய்வோம், நானும் சேர்த்து. எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடம்: கை கழுவுகிற வரிசை. குழாய் இரண்டு, பிள்ளைகள் ஒரு டஜனுக்கு மேல், குறுகலான வழி. செய்ய ஒன்றுமில்லாமல் அவள் நிற்பாள், பின்னால் நிற்பவள் முதுகில் இடிப்பாள், அடுத்த நொடி அலறல். நாங்கள் அவளுக்கு ஒன்றும் ‘கற்றுக்கொடுக்க’வில்லை. நாலு நாலு பேராக அனுப்பினோம், மற்றவர்களை ஒருவர் பாட்டுப் பாடி உட்காரவைத்தார். கடி நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் வாரத்துக்கு ஒன்று என்றானது. அத்தனை மாதம் அவளைத் திட்டியதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

உங்கள் நோட்டிலும் இப்படி ஒரு முடிச்சு தென்படும் என்று நினைக்கிறேன். முதலில் தேட வேண்டியது காத்திருக்கும் நேரமும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரமும்.

கடைசிக் கட்டத்தை, அதாவது அவனுக்கு என்ன கிடைத்தது என்பதை, விட்டுவிடாதீர்கள். பொம்மை கிடைத்ததா? உங்கள் முழுக் கவனம் கிடைத்ததா? பிடிக்காத வேலையிலிருந்து விடுதலை கிடைத்ததா? வட்டமாக உட்கார்ந்து கதை கேட்பது அவனுக்கு ஆகாது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான், நீங்கள் மூலை நாற்காலிக்கு அனுப்புகிறீர்கள். அவன் கேட்டதை நீங்களே கொடுத்தாயிற்று! அந்த நாற்காலி ஏன் பலிக்கவில்லை என்பதற்கு விடை இதுவாகவே இருக்கலாம். அவனைக் கதையின் பாதி வரை மட்டும் உட்காரவைத்து, “போதும்” என்று கையைக் காட்டி எழுந்து போகப் பழக்குங்கள். கிள்ளாமலே வெளியே வர ஒரு வழி அவனுக்கு வேண்டும்.

பொம்மைக்காக என்றால், “எனக்கும் வேணும்” என்று கையை நீட்டச் சொல்லிக்கொடுங்கள். இதைச் சண்டைக்கு நடுவில் கற்றுக்கொடுக்க முடியாது. காலையில், மனது லேசாக இருக்கும்போது, இரண்டு பொம்மைகளை வைத்து நாடகம்போல நடத்துங்கள். ஒரு நாளில் வராது, திரும்பத் திரும்பச் செய்யணும். முதல் சில நாள், அவன் கை நீட்டியதும் எப்படியாவது அந்தப் பொருள் கிடைத்துவிட வேண்டும். பேசினால் வேலை நடக்கிறது என்று அவன் நம்பினால்தான் பல் ஓய்வெடுக்கும். எல்லோரும் அடித்துக்கொள்கிற சாமானில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவைப்பதும் புத்திசாலித்தனம்தான், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

வேலை மாறும்போது “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்றால் மூன்று வயதுக்காரனுக்கு ஒன்றும் புரியாது. “இன்னும் இரண்டு தடவை சறுக்கிட்டு உள்ளே போறோம்” என்றால் புரியும். அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் அவன் உயரத்தில் ஒட்டுங்கள்.

கடி நடந்துவிட்டால்? கடிபட்ட பிள்ளையிடம் முதலில் போங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்கும் தகவல் போக வேண்டும், கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்குக் கடித்தது யார் என்ற பெயர் மட்டும் போக வேண்டாம். கடித்தவனிடம் அவன் உயரத்துக்குக் குனிந்து, “கடிக்க விடமாட்டேன், அவளுக்கு வலிக்குது” என்று சொன்னால் போதும். பிரசங்கம் வேண்டாம், அந்த நிமிடத்தில் அவன் காதில் எதுவும் ஏறாது. கட்டாய ‘சாரி’யும் வீண். ஈரத்துணியை எடுத்துவரச் சொல்லுங்கள், உதவியாவது செய்வான். வலி புரியட்டும் என்று திருப்பிக் கடித்துக் காட்டுகிற பெரியவர்களும் உண்டு. தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள், பெரியவர்களும் கடிப்பார்கள் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வழி பலிக்காமல் போகும்போது பிள்ளை அதையே இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். முதல் வாரம் நிலைமை மோசமாகலாம். பலரும் அங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள்.

வீட்டாரிடம் பேசும்போது, அன்றைக்கு அவன் நன்றாகச் செய்த ஒன்றையும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். புகாரை மட்டும் கேட்டுக் கேட்டு அவர்கள் வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள். தூக்கத்தைக் கேளுங்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் என்பது மூன்று, நான்கு வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு. வீட்டில் புதுக் குழந்தை, இடமாற்றம், சண்டை என்று ஏதாவது உண்டா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா? சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தங்கி, காது மந்தமாகிவிடும் பிள்ளைகள் நிறைய. அவர்களைத்தான் ‘சொன்ன பேச்சு கேட்காதவன்’ என்கிறோம். சிறு வாக்கியம்கூடப் பேசுவதில்லை, பேசிக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று, வீட்டிலும் காயம் படும் அளவுக்கு அடிக்கிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். நோய்ப் பெயர் எதையும் நீங்கள் சொல்லாதீர்கள்.

நிர்வாகியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், அரசு நிதியில் நடக்கும் பள்ளிக்கு முந்தைய வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வெளியேற்றப்படும் விகிதம் பள்ளிக்கூடத்தைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. மனநல ஆலோசகர் வந்துபோகும் வகுப்புகளில் அது குறைவு. ஆசிரியைக்கு உதவி கிடைத்த இடத்தில் பிள்ளை தங்கியது. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது அதுதான். நிறுத்திவிட்டால் இந்தப் பையன் இன்னொரு காப்பகத்தில் முதல் நாளிலிருந்து தொடங்குவான், முன்னைவிடப் பயத்தோடு.

அப்புறம் உங்கள் எரிச்சல். சக ஊழியரோடு ஒரு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காதைத் தொட்டால் அவர் வந்து அவனைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அவருக்கும் அதே உரிமை. கூடவே, அவன் வந்ததும் ஐந்து நிமிடம், எதையும் திருத்தாமல், அவன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு எரிச்சல் குறைந்ததெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்.

இரண்டு வாரக் குறிப்பு சேர்ந்ததும் பெயர்களை அடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கை கழுவும் வரிசை எப்படி நிற்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.