107க்கும் 94க்கும் நடுவே

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 11 ஆண்டுகளாக நியூஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் டிரினிடாடிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கணவர் மின்பணியாளர், மனைவி செவிலியர், சொந்த வீடு. அண்மையில் பொருளியலாளர் தாமஸ் சோவல் முன்பு வெளியிட்ட ஓர் அட்டவணையைப் பார்க்க நேர்ந்தது. 1970ஆம் ஆண்டை ஒட்டிய கணக்கு அது. அமெரிக்கச் சராசரிக் குடும்ப வருமானத்தை 100 என்று கொண்டால் ஆங்கிலேய வம்சாவளியினர் 107, மேற்கிந்தியத் தீவினர் 94, கறுப்பினத்தவர் 62 என்று அதில் இருக்கிறது. மேற்கிந்தியரும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்தாமே? தோலின் நிறமும் ஒன்றுதானே? அப்படியானால் நிறவெறி என்பது பொருளாதார நிலையைத் தீர்மானிப்பதில்லை, பண்பாடும் உழைப்புமே தீர்மானிக்கின்றன என்று ஆகிறதல்லவா? அலுவலக நண்பர்கள் அப்படித்தான் வாதிடுகிறார்கள். என் மனம் முழுமையாக ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் தெரியவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.,
நியூஜெர்சி

அன்புள்ள எஸ்.,

எண்களை நீங்கள் சரியாகவே எடுத்துத் தந்திருக்கிறீர்கள். சோவல் எழுப்பிய கேள்வியும் முறையான கேள்விதான். வேலை கொடுப்பவரின் கண்ணுக்கு வேற்றுமை தெரியாத இரண்டு கறுப்பினக் குழுக்களுக்கு இடையே 32 புள்ளி இடைவெளி எப்படி விழுந்தது என்று கேட்டால், நிறம் ஒன்றையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்பவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆயினும் உங்கள் நண்பர்கள் அந்த அட்டவணையிலிருந்து எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 107, 94 ஆகிய இரண்டும் ஒரே தராசில் நிறுத்த எடைகள் அல்ல என்பதே என் காரணம்.

முதலில் அதே அட்டவணையின் மற்ற வரிகளைப் பாருங்கள். போலந்து வம்சாவளியினர் 115, இத்தாலியர் 112. அமெரிக்காவை நிறுவியதாகச் சொல்லப்படும், அதன் மொழியையும் சட்டத்தையும் தந்த ஆங்கிலேயரின் வழிவந்தவர்கள் இவர்களுக்குக் கீழே, 107இல் நிற்கிறார்கள். போலந்துப் பண்பாடு ஆங்கிலேயப் பண்பாட்டைவிட எட்டுப் புள்ளி உயர்ந்தது என்று உங்கள் நண்பர்கள் யாரும் வாதிடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். போலந்துக்காரரும் இத்தாலியரும் கூலி உயர்ந்த வடபகுதித் தொழில் நகரங்களில் செறிந்திருந்தார்கள். ஆங்கிலேய வம்சாவளியினரோ கூலி குறைந்த தென்மாநிலக் கிராமங்கள் வரை பரவியிருந்தார்கள். வசிக்கும் இடமும் வயதும் ஒரு குழுவின் சராசரி வருமானத்தை எவ்வளவு மாற்றிவிடும் என்பதைச் சோவலே விரிவாக எழுதியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள்தாம் அந்தப் பக்கங்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

அடுத்து, அமெரிக்காவில் ‘ஆங்கிலேய வம்சாவளியினர்’ என்பவர் யார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வம்சாவளி குறித்த கேள்வி 1980இல்தான் நுழைந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 4 கோடியே 96 லட்சம் பேர் தங்களை ஆங்கிலேய வழியினர் என்று எழுதினார்கள். 1990இல் அது 3 கோடியே 27 லட்சமாகவும், 2000இல் 2 கோடியே 45 லட்சமாகவும் சரிந்தது. இருபது ஆண்டுகளில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். கொள்ளைநோயும் வரவில்லை, எவரும் கப்பலேறி இங்கிலாந்துக்குத் திரும்பவும் இல்லை. 1980ஆம் ஆண்டுப் படிவத்தில் கேள்விக்குக் கீழே எடுத்துக்காட்டாக அச்சிடப்பட்ட பெயர்களில் ‘ஆங்கிலேயர்’ இருந்தது; 1990ஆம் ஆண்டுப் படிவத்தில் அது நீக்கப்பட்டது. சரிவுக்கு அதுவே ஒரு முக்கியமான காரணம். 2020இல் வேறு வடிவில், இனம் பற்றிய கேள்வியோடு சேர்த்துக் கேட்டபோது எண்ணிக்கை மீண்டும் 4 கோடியே 66 லட்சத்துக்கு ஏறிவிட்டது.

இதற்கு ஒரு பொருளாதார விளைவு உண்டு. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் வம்சாவளிக் கட்டத்தில் ‘அமெரிக்கர்’ என்று மட்டும் எழுதினார்கள். இவர்கள் செறிந்திருக்கும் இடங்கள் கென்டக்கி, டென்னசி, மேற்கு வெர்ஜீனியா போன்ற அப்பலாச்சிய மலைப்பகுதி மாநிலங்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்தபின் வறுமை நிலைத்துவிட்ட ஊர்கள் அங்கே ஏராளம். அவர்களில் பலரின் முன்னோர் இங்கிலாந்திலிருந்தும், ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறியிருந்த அயர்லாந்தின் வடபகுதியிலிருந்தும் வந்தவர்களே. தலைமுறைகள் கடந்து அந்த நினைவு தேய்ந்துபோனதால் அவர்கள் ‘ஆங்கிலேயர்’ என்ற கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். எஞ்சுபவர்களில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் பழங்குடும்பத்தினரும், குலவரலாற்றைத் தேடிப் பதிவுசெய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட யூட்டாவின் மார்மன்களும் கணிசமானவர்கள். தாத்தாவின் தாத்தா எந்த ஊர்க்காரர் என்று தெரிந்து வைத்திருப்பவரின் குடும்பத்தில் படிப்பும் நிலமும் ஓரளவாவது தங்கியிருக்கும். வறியவர்கள் தாமாகவே பெயரை நீக்கிக்கொண்ட ஒரு பட்டியலின் சராசரி உயர்ந்திருப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலேய இரத்தம் செல்வத்தைக் கொண்டுவரும் என்று இன்னும் யாராவது நம்பினால், அவரை மேற்கிந்தியத் தீவுகளுக்கே அழைத்துப் போகலாம். பார்படோஸில் ‘ரெட்லெக்ஸ்’, அதாவது செங்காலர் என்று ஏளனமாக அழைக்கப்பட்ட வெள்ளையர்கள் இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகவும் கைதிகளாகவும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அவர்கள். கரும்புத் தோட்டங்கள் பெரிதாகி நிலம் கைவிட்டுப் போனபின் முந்நூறு ஆண்டுகள் அத்தீவின் வறிய மக்களில் ஒரு பகுதியாகவே அவர்கள் வாழ்ந்தார்கள்.

இனி மேற்கிந்தியர் பக்கம் வருவோம். கிரிக்கெட் வழியாக நமக்கு அது ஒரே நாடு போலத் தோன்றினாலும், ஒவ்வொரு தீவும் தனித்தனிச் சமூகம். அமெரிக்கக் கணக்கெடுப்போ ஜமைக்காவையும் பார்படோஸையும் பிரெஞ்சுவழிக் கிரியோல் பேசும் ஹைட்டியையும் ஒரே தலைப்பின் கீழ் வைக்கிறது. இத்தீவுகளிலிருந்து அமெரிக்கா சென்றவர்கள் யார் என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில், பிரிட்டனின் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகள் பிரிட்டனின் ஒதுக்கீட்டில் சேர்க்கப்பட்டிருந்தன. 1952இல் வந்த சட்டம் ஒவ்வொரு காலனிக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்று கதவை ஏறத்தாழ அடைத்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டமே அதை அகலத் திறந்தது. எந்தக் கட்டத்திலும், பயணச் செலவைப் புரட்டக்கூடியவரும், எழுதப் படிக்கத் தெரிந்தவரும், கைத்தொழிலோ செவிலியர் பயிற்சியோ உள்ளவரும்தான் அதிகம் சென்றார்கள். ஜமைக்காவின் மலைச்சரிவில் அரை ஏக்கரில் வாழை பயிரிட்டவர் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வரவில்லை. கமலா ஹாரிஸின் தந்தை டொனால்ட் ஹாரிஸ் 1960களின் தொடக்கத்தில் பெர்க்லியில் ஆய்வுப்படிப்புக்கு வந்து, பின்னர் ஸ்டான்ஃபோர்டில் பொருளியல் பேராசிரியரானவர். (நம் பத்திரிகைகள் துளசேந்திரபுரத்தைப் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்குகூட அவருடைய ஜமைக்காவைப் பற்றி எழுதவில்லை.) அவர் ஒரு விதிவிலக்குதான், ஆனால் சல்லடை எந்தத் திசையில் சலித்தது என்பதை அவர் காட்டுகிறார்.

சமூகவியலாளர் சூசான் மாடல் இதைச் சோதித்துப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மேற்கிந்தியக் குடியேறிகளை அமெரிக்கக் கறுப்பினத்தவர் அனைவரோடும் ஒப்பிடாமல், பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்துக்குப் பெயர்ந்தவர்களோடு ஒப்பிட வேண்டும் என்றார் அவர். இருவருமே ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள். அப்படி ஒப்பிட்டபோது பெரிதாகப் பேசப்பட்ட அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது.

சோவல் சொல்லும் பண்பாட்டு வாதத்தை நான் முழுவதும் தள்ளவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளுக்குச் சிறு காணிகள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் விளைந்ததை அவர்கள் ஞாயிற்றுச் சந்தைகளில் விற்றுக் காசு பார்த்தார்கள். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் தீவில் ஆசிரியரும் காவலரும் எழுத்தரும் கறுப்பினத்தவராகவே இருப்பதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு ஒரு நிமிர்வு வரும். பணத்தைச் சேர்க்கும் முறை ஒன்றையும் அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். டிரினிடாடில் ‘சூசூ’, ஜமைக்காவில் ‘பார்ட்னர்’ என்பார்கள். விளக்கமே தேவையில்லை, அது நம் சீட்டுதான். ஏலமும் தள்ளுபடியும் இல்லாத சீட்டு. வாரந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து மொத்தத் தொகையையும் ஒருவர் எடுத்துக்கொள்வார். புரூக்ளினில் பார்படோஸ்காரர்கள் பலர் வீட்டுக்கான முன்பணத்தை இப்படித்தான் திரட்டினார்கள். வங்கி கடன் கொடுக்க மறுத்த லண்டனிலும் இதுவே கைகொடுத்தது. ஆனால் வங்கியின் கதவு திறந்திருப்பவருக்குச் சீட்டுப் போட்டு வீடு வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

லண்டனைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அதே தீவுகள், அதே பள்ளிகள், அதே சீட்டு. 1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரி துறைமுகத்தை அடைந்ததிலிருந்து, 1962ஆம் ஆண்டுச் சட்டம் வழியை நெருக்கும்வரை, பெருந்தொகையானோர் சென்றது பிரிட்டனுக்குத்தான். லண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956 முதல் பார்படோஸிலேயே ஆளெடுத்தது. ஆனால் 1970களில் நியூயார்க்கில் மேற்கிந்தியர் முன்மாதிரியாகப் புகழப்பட்டபோது, லண்டனில் அவர்கள் பின்தங்கிய சமூகமாகப் பேசப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான பள்ளிகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பப்பட்டார்கள். இந்தப் புகழும் இகழும் பண்பாட்டிலிருந்து வந்திருந்தால் இரண்டு நகரங்களிலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். மானிடவியலாளர் நான்சி ஃபோனர் இதற்குச் சொன்ன விளக்கங்களில் ஒன்று மிக எளியது. நியூயார்க்கில் அவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டார்கள். லண்டனில் ஆங்கிலேயரின் பக்கத்தில். உங்கள் அட்டவணையில் 94 பளபளப்பது 62க்கு அருகில் இருப்பதால்தான். ஒரே நகரத்தில், ஒரே அளவு படித்த வெள்ளை ஆண்களோடு ஒப்பிட்டால் அமெரிக்காவிலும் மேற்கிந்திய ஆண்களின் ஊதியம் குறைவாகவே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் காட்டுவது குடும்ப வருமானம், தனியாள் ஊதியம் அல்ல. மேற்கிந்தியக் குடும்பங்களில் பெண்கள் வேலைக்குப் போவது வழக்கம். கோலின் பாவலின் பெற்றோர் இருவருமே நியூயார்க்கின் ஆடைத்தொழிலில் வேலை பார்த்தவர்கள். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் 2005இல் கறுப்பினக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஏறத்தாழ 52,000 டாலரைத் தொட்டு வெள்ளையர் குடும்பங்களை முந்தியது. நாளிதழ்கள் அதை வியப்போடு எழுதின. லாரெல்டன், கேம்பிரியா ஹைட்ஸ் போன்ற இடங்களில் கணவனும் மனைவியுமாகச் சம்பாதிக்கும் மேற்கிந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்ததும், குயின்ஸில் எஞ்சிய வெள்ளையரில் ஓய்வுபெற்ற முதியோர் பலர் என்பதும் அதன் பின்னணி.

அந்த முந்தல் எவ்வளவு மெல்லியது என்பது மூன்றே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. வட்டி கூடிய, நிபந்தனை கடுமையான வீட்டுக்கடன்கள் இதே தென்கிழக்குக் குயின்ஸில்தான் அதிகம் விற்கப்பட்டிருந்தன. 2008 நெருக்கடியில் நியூயார்க் நகரிலேயே வீடுகள் மிகுதியாகக் கடனுக்குப் பறிபோன பகுதிகளில் ஒன்றாக அது ஆயிற்று. அங்கிருந்து கிழக்கே சற்றுத் தொலைவில் லெவிட்டவுன் இருக்கிறது. 1947இல் அது எழுந்தபோது, அரசு காப்புறுதி அளித்த கடனில் எளிய தவணைக்கு வீடுகள் கிடைத்தன. வெள்ளையரல்லாதார் அங்கே குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த வீட்டின் விலையேற்றம் பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக மாறிய குடும்பமும், 2004இல் கடன் வாங்கி வீடு வாங்கிய செவிலியரின் குடும்பமும் ஒரே வருமானம் பெறலாம். வருமான அட்டவணையில் இருவரும் சமம்.

ஆகவே சொத்தைப் பாருங்கள். பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கி பங்கேற்ற 2015ஆம் ஆண்டு ஆய்வில், பாஸ்டன் வட்டாரத்தில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,47,500 டாலர். கரீபியக் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 12,000 டாலர். குடியேறியவரல்லாத அமெரிக்கக் கறுப்பினக் குடும்பத்துக்கு 8 டாலர். அச்சுப்பிழை அல்ல, எட்டே டாலர்தான். உங்கள் நண்பர்கள் பிடித்துக்கொண்ட இடைவெளி இங்கேயும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 12,000 எந்தக் கரைக்கு அருகில் நிற்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் இந்திய வழியினரா என்று நீங்கள் எழுதவில்லை. டிரினிடாடுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பான்மையினர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள் என்றாலும், சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அருகிலுள்ள கயானாவில் ‘மதராசிகள்’ என்றே அழைக்கப்படும் அவர்களின் வழிவந்தோர் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். வம்சாவளிக் கட்டத்தில் டிரினிடாட் என்று எழுதுபவரின் சம்பளம் மேற்கிந்தியர் சராசரியில் போய்ச் சேரும். கயானா என்று எழுதும் மதராசியின் சம்பளமோ அந்தத் தலைப்புக்கு வெளியே, தனி வரியில் நிற்கும். அவர் என்ன எழுதினார் என்று அடுத்தமுறை பார்க்கும்போது கேட்டுச் சொல்லுங்கள்.