மூச்சடக்கிப் பழகியவருக்கு லே நகரில் மூச்சு வாங்காதா?

பாம்பனில் மூச்சடக்கிக் கடற்பாசி எடுக்கும் உங்கள் அம்மாவுக்கு, லடாக்கின் லே நகருக்கு விமானத்தில் போனால் அந்தப் பழக்கம் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நம்பிப் போகாதீர்கள். கடலடியில் மூச்சை அடக்குவது சிறிது நேரப் பாடுதான். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயிலோ, காற்றில் ஆக்சிஜனின் பங்கு நம் கரையைப் போலவே 21 சதவீதம் என்றாலும், காற்றழுத்தம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், உறங்கும்போதுகூட ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது குறைவு. இராமநாதபுரத்தில் வாங்கிய மிக்சர் பொட்டலம் அங்கே பேத்தை மீனைப் போல உப்பி நிற்பதைப் பார்த்தாலே இது விளங்கும். தண்ணீரும் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் சோறு வேக வெகுநேரமாகும். முதல் 2 நாள் அம்மா அறையிலேயே ஓய்வெடுக்கட்டும். தலைவலியோ குமட்டலோ இருக்கும்வரை அதைவிட உயரமான இடங்களுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். படுத்திருக்கும்போதும் மூச்சிரைத்தாலோ நடை தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.