அப்டேட்டுக்குப் பிறகு கேம் திணறுகிறதா? டிரைவரை நீக்கும் முன் கார்டு என்ன செய்கிறது என்று பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: நீங்களே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று ஏறிய மறுநாளிலிருந்து கேம்கள் திணறுகின்றன. கிராஃபிக்ஸ் டிரைவரை (கிராஃபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இரண்டு தடவை நீக்கிப் போட்டும் பலனில்லை. விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இரண்டு தடவை டிரைவர் மாற்றியும் சரியாகவில்லை என்றால், கோளாறு வேறு எங்கோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எனக்கு அப்படித்தான் ஆனது.

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினேன். அதற்கு டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால், முந்தின இரவு மதர்போர்டின் பயாஸைப் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்து டிபிஎம்மை இயக்கி வைத்தேன். மறுநாள், வழக்கமாக நொடிக்கு 110 ஃப்ரேம் வரும் கேமில் 75-ஐத் தாண்டவில்லை. மூன்று நாள் மாலைப் பொழுது முழுக்க டிரைவரோடு போனது. புதியது, பழையது, அதற்கும் முந்தையது என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள், கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கிராஃபிக்ஸ் கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதாவது கார்டு களைத்துப் போகவில்லை, யாருக்காகவோ காத்திருக்கிறது. அதே இடத்தில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் வேகம் 2133. என்னுடையது 3200 ரேம். பயாஸ் புதுப்பித்ததில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு அழிந்து, ரேம் தன் அடிப்படை வேகத்துக்கு இறங்கியிருக்கிறது. பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றியதும் பழைய 110 திரும்பியது.

அதனால் முதலில் டிரைவரை விட்டுவிட்டு, கேம் திணறும் அந்த நேரத்தில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். தேடுதலில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

95-க்கு மேல் இருந்தும் ஃப்ரேம் குறைவு என்றால் சிக்கல் கார்டின் பக்கம். ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளைப் போட்டு, கார்டின் கடிகார வேகம், சூடு, மின்சாரம் மூன்றையும் பாருங்கள். என்விடியா கார்டு என்றால், வேகம் எதனால் மட்டுப்படுகிறது என்பதைக் காட்டும் வரியும் அதில் உண்டு. கார்டு மதர்போர்டோடு எத்தனை லேனில் (தரவு போகும் பாதை) பேசுகிறது என்பதும் தெரியும். x16 ஆக இருக்க வேண்டியது x4 என்று காட்டினால், பெரும்பாலும் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது தவறான ஸ்லாட்டில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கணினி சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க, அந்த இணைப்பின் வேகத்தைச் சொல்லும் பிசிஐ தலைமுறை எண் தானாகக் குறைந்திருக்கும். சுமை கொடுத்த பிறகு காட்டும் எண்தான் கணக்கு.

60, 70 சதவீதத்தில் நின்றால் புராசஸர், ரேம், அல்லது ஏதோ ஒரு வரம்பு. ஃப்ரேம் சரியாக 60-இல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டரின் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் டிரைவர் மாறும்போது 60-க்குத் திரும்புவது சகஜம். அது இல்லையென்றால் ரேம் வேகம். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது பெரும்பாலும் இது தானாகவே இயக்கத்தில் வரும், சில கணினிகளில் கேம் வேகத்தைக் குறைக்கும். மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிக் குறிப்பில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் இது பாதுகாப்புக்காக இருக்கும் வசதி. அணைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் இல்லையென்றால் திரும்ப இயக்கிவிடுங்கள்.

கார்டு வேலையே செய்யவில்லை, சதவீதம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது என்றால், கேம் புராசஸரோடு வரும் உள் கிராஃபிக்ஸில் ஓடுகிறது. மானிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு டிரைவருக்கு வரலாம். விண்டோஸ் அப்டேட் சில நேரம் நீங்கள் போட்ட டிரைவரை மாற்றித் தன்னிடம் உள்ள பதிப்பைப் போட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். 'ரோல் பேக்' பொத்தான் உயிரோடு இருந்தால் அதுதான் எளிய வழி. இல்லையென்றால் முழுச் சுத்தம்: வேண்டிய டிரைவரை முதலில் இறக்கி வையுங்கள், இணைய இணைப்பைக் கழற்றுங்கள், சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மென்பொருளால் பழையதை நீக்குங்கள், மறுபடி தொடங்கிப் புதியதைப் போடுங்கள், அதன் பிறகே இணையத்தை இணையுங்கள். நீங்கள் இரண்டு தடவை செய்தபோது இணையம் இணைப்பிலேயே இருந்ததா? இருந்திருந்தால், நீக்கிய இடைவெளியில் விண்டோஸ் தன் டிரைவரை மறுபடி நுழைத்திருக்கலாம்.

புது டிரைவர் போட்ட பிறகு முதல் தடவை கேம் விட்டுவிட்டு ஓடினால் பதறாதீர்கள். சேர்த்து வைத்த ஷேடர்கள் (காட்சியை வரைய கார்டு ஓட்டும் சிறு நிரல்கள்) அழிந்து மறுபடி உருவாகும் நேரம் அது. அரை மணி நேரமாவது விளையாடிவிட்டு அளந்து பாருங்கள். இதைத் தெரியாமல் நல்ல டிரைவரையே தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

நாமே பூட்டிய கணினியில் இன்னொன்று: சிப்செட் டிரைவர், அதாவது மதர்போர்டின் சிப்புகளுக்கான டிரைவர். ஒரே நிறுவனம் செய்து விற்கும் கணினியில் எல்லா டிரைவரையும் ஒன்றாகச் சேர்த்துத் தர ஓர் இடம் உண்டு. நமக்கு மதர்போர்டுக்கு ஓர் இடம், கார்டுக்கு ஓர் இடம். கார்டு டிரைவரை எல்லோரும் கவனிப்பார்கள், சிப்செட்டை மறந்துவிடுவார்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது தன் ரைசன் புராசஸர்களில் எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) மந்தமாகி, சில கேம்களில் 15 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்று ஏஎம்டி அறிவித்தது. அதே மாதத்தில் வந்த தீர்வு இரண்டு பாகம்: ஒன்று விண்டோஸ் அப்டேட், மற்றது சிப்செட் டிரைவர். கிராஃபிக்ஸ் டிரைவரை அன்று ஆயிரம் தடவை மாற்றியிருந்தாலும் சரியாகியிருக்காது.

அப்படி அப்டேட்டிலேயே கோளாறு இருந்தால், உங்கள் பதிப்புக்கான அறியப்பட்ட சிக்கல்கள் பட்டியலை மைக்ரோசாஃப்ட் தளத்தில் பாருங்கள். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பொதுவாக 10 நாளுக்குள் ரெக்கவரி பக்கத்திலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும். உங்களுக்கு நாள் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், அழித்தால் அந்த வழி மூடிவிடும்.

எதை மாற்றினாலும் ஒன்றை மாற்றி, ஒரே கேமின் ஒரே இடத்தில் அளந்து, எழுதி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கேம் திணறும்போது கார்டின் சதவீதம், ரேம் வேகம், புராசஸரும் கார்டும் என்ன மாடல், டிரைவரின் தேதி, இவற்றைக் கீழே எழுதுங்கள். பார்த்துவிட்டு அடுத்து எதைத் தொடலாம் என்று சொல்கிறேன்.