லூர்து மாதாவுக்கு வேறு வேலை இருக்கிறது

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் பேட்டர்சன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கத்தோலிக்கராக மாறிய பக்தர் அடுத்தவன் முகத்தில் குத்திப் பிழைத்தது போலித்தனம் இல்லையா? பக்திதான் அவர் குத்தின் வேகத்தைக் குறைத்ததா? என் மகனும் குத்துச்சண்டை பழகுகிறான். போன மாதம் முதல் போட்டியிலேயே தோற்று வந்தான். ஜெபம் போதவில்லை என்று சொல்லி, அவனைச் சேத்துப்பட்டு லூர்து மாதா கோவிலுக்கு அழைத்துப் போகப்போகிறேன்.

வாசகர், குடியாத்தம்

நண்பரே,

போலித்தனமா என்பதை உங்கள் பங்குசாமியிடம் கேளுங்கள். பக்தி குத்தைக் குறைக்கும் என்பது சுத்த அபத்தம். பேட்டர்சனுக்கு முன் உலக ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தை வைத்திருந்த ராக்கி மார்சியானோவும் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைதான். 49 போட்டி, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட்.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரிதான். சில நாட்களாகவே பேட்டர்சனின் ஒட்டுத்தாடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

1956இல், 21 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். 1959இல் ஸ்வீடன்காரர் இங்கமார் யோஹான்சன் ஒரே சுற்றில் ஏழு முறை அவரைத் தரையில் வீழ்த்தினார். மறு ஆண்டே பேட்டர்சன் பட்டத்தை மீட்டார். யோஹான்சன் நினைவிழந்து கிடக்கிறார், இடது பாதம் வெடவெடக்கிறது. அந்தக் கூச்சலுக்கு நடுவே பேட்டர்சன் மண்டியிட்டு அவரை அணைத்துக்கொள்கிறார். பக்தி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறுவயதில் புகைப்படத்தில் தன் முகத்தின் மேலேயே பெருக்கல் குறி கீறிவைத்தவர் அவர். விழுந்தவனின் கூச்சம் அவருக்கு அத்துப்படி.

1962இல் சிகாகோவில் சானி லிஸ்டன் முதல் சுற்றிலேயே கதையை முடித்தார். ஒட்டுத்தாடியும் மீசையும் முன்கூட்டியே தயாராக இருந்தன. ஒட்டிக்கொண்டு இரவோடு இரவாகக் காரில் வீடு திரும்பினார். ஆண்டவர் மன்னிப்பார் என்று நம்பியவருக்கு, தெருவில் போகிறவன் மன்னிப்பான் என்ற நம்பிக்கை இல்லை.

காமன்வெல்த்தில் 2014லும் 2018லும் தங்கம் தூக்கிய பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தின் ஊர், வேலூரில் எங்கள் சத்துவாச்சாரி. இங்கே பளு தூக்கும் பையன் ஒருவன் மாநிலப் போட்டியில் மூன்று வாய்ப்பையும் தவறவிட்டான். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியவன் இருட்டும்வரை பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் தெரிந்த முகம் இருந்துவிடுமே என்ற பயம். நகக்கண்ணில் இன்னும், பிடி வழுக்காமல் இருக்கப் பூசிய வெள்ளைப் பொடி. வாசலில் அவன் அப்பா கேட்ட முதல் கேள்வி: “எத்தனை கிலோ?”

நீங்கள் அவரையும் மிஞ்சிவிட்டீர்கள். தோல்வியோடு பாவத்தையும் சேர்த்துப் பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். எதிரில் நின்ற பையன் உங்கள் மகனைவிடக் கூடுதலாக ஜெபித்தானா? விசாரித்தீர்களா? புள்ளி போடுவது லூர்து மாதாவின் வேலை இல்லை ஐயா. சோர்ந்ததும் மகனின் இடது கை இறங்கிவிடுகிறதா என்று கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேட்டர்சனின் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ இரண்டு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டி நிற்கப் பழக்கினாரே தவிர, ஜெபத்தை நம்பிக் கையைத் தொங்கவிடச் சொல்லவில்லை.

சேத்துப்பட்டுக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். திரும்பும் வழியில் ஆரணியில் இறங்கி அவனுக்கு வயிறாரச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். போட்டிப் பேச்சை அவனாக எடுத்தால் ஒழிய நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.