எம்.டி. முடித்த டாக்டர்களை ஃபெலோஷிப் என்கிற மேல் சிறப்புப் பயிற்சிக்கு எப்படி எடுக்கிறார்கள்? மார்க் மட்டும்தானா?

உங்கள் மகள் பாண்டிச்சேரியில் எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், இதயம், சிறுநீரகம் போன்ற துறைகள் தாங்களே ஆளைப் பார்த்து எடுக்குமா அல்லது ரேங்க் வந்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் எம்.டி.யோடு நிறுத்திக்கொண்டு கடலூரில் பிராக்டிஸ் செய்கிறவன். டி.எம்., அதாவது எம்.டி.க்கு மேல் இதயம், சிறுநீரகம் என ஒரு துறையில் செய்யும் படிப்புக்குப் போன நண்பர்கள் நிறைய உண்டு.

நம் நாட்டில் துறைக்கு இதில் பெரிதாகக் குரல் கிடையாது. 2017 முதல் நீட் எஸ்.எஸ். என்கிற அகில இந்திய சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு. இப்போது 150 கேள்விகள், சரியான விடைக்கு 4 மார்க், தப்பானதற்கு 1 குறையும். பிறகு ஆன்லைன் கவுன்சலிங். ஒரு கார்டியாலஜி துறைத் தலைவருக்குத் தன் அடுத்த மாணவர் யார் என்பதே சீட் ஒதுக்கீடு வந்த பிறகுதான் தெரியும். பழைய முறையில் கேள்விகளில் 60 சதவீதம் நீங்கள் எழுதும் அந்தத் துறையிலிருந்தே வரும். நெஃப்ராலஜி (சிறுநீரகத் துறை) வேண்டுமென்றால் நெஃப்ராலஜி படித்தாக வேண்டும். 2022 தேர்விலிருந்து எல்லாமே எம்.டி. பாடம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரே கேள்வித்தாள். படிப்பவருக்கு இது வசதிதான், ஆனால் எந்தத் துறை என்கிற முடிவு கவுன்சலிங் நாளில் ரேங்கைப் பார்த்து எடுக்கிற முடிவாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

பாண்டிச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவ நிறுவனமான ஜிப்மர் கதை கொஞ்சம் வேறு. அதற்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்று எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களுக்கான தனித் தேர்வு, வருடத்துக்கு இருமுறை. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு இரண்டாம் கட்டத்தில் துறையே மதிப்பிடும். அங்கேதான் பேராசிரியர்கள் ஆளை நேரில் பார்க்கிறார்கள். கண் மருத்துவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தவளக்குப்பம் அரவிந்த் மாதிரி இடங்களில் விழித்திரை, கார்னியா ஃபெலோஷிப்புக்கு மருத்துவமனையே விண்ணப்பம் வாங்கி ஆளை எடுக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தவர் என்றால், மாநில அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி சீட்டுகளில் 50 சதவீத ஒதுக்கீடு தனி.

அமெரிக்காவில் இரண்டு பக்கமும் தேர்ந்தெடுக்கிறது. ரெசிடென்ட் (அங்கே நம் எம்.டி. மாதிரிப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்) விண்ணப்பிக்கிறார், துறை இன்டர்வியூ செய்கிறது. அப்புறம் அவர் தனக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறார், துறையும் தனக்குப் பிடித்த ஆட்களை வரிசைப்படுத்துகிறது. கம்ப்யூட்டர் பொருத்துகிறது. இதை 'மேட்ச்' என்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களுடைய கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) துறையே சாட்சி. 1990களின் கடைசியில் அங்கே மேட்ச் குலைந்தது. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, ஆட்களைச் சீக்கிரமே வளைத்துப் போட ஆரம்பித்தார்கள். வெளியூர் ஆளைத் தேடவோ ஒப்பிடவோ நேரமில்லாததால், தன் மருத்துவமனையில் படித்தவரையே எடுப்பது அதிகமானது. 2006இல் மேட்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதை ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், இந்த மாதிரிப் பொருத்தும் முறைகளுக்காகத்தான் லாயிட் ஷாப்லியோடு 2012இல் பொருளாதார நோபல் பெற்றார்.

முறை எதுவானாலும் ஆள் வராத துறைக்கு ஆள் வருவதில்லை. அமெரிக்காவில் கார்டியாலஜி, கேஸ்ட்ரோ நிரம்பி வழியும், நெஃப்ராலஜியிலும் தொற்றுநோய்த் துறையிலும் இடம் மிஞ்சும். இங்கே இதய அறுவை சிகிச்சை, குழந்தைகள் அறுவை சிகிச்சை சீட்டுகள் காலியாகக் கிடக்க, கட்-ஆஃபைக் குறைத்துக் குறைத்துக் கூப்பிடுகிறார்கள். கட்-ஆஃபைக் குறைத்தால் யாருக்கும் ஒரு துறையின் மேல் ஆசை வந்துவிடாது. அமெரிக்க நெஃப்ராலஜி சங்கம் மாணவர்களையும் ரெசிடென்ட்களையும் பயண உதவி கொடுத்துத் தன் மாநாட்டுக்கு வரவழைக்கிறது. நம் துறைகள் பிஜி மாணவர்களை டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வைப்பதோடு சரி. டயாலிசிஸுக்கு ஆட்களைக் கோரிமேடு ஜிப்மருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற எனக்கு இந்த வருத்தம் கொஞ்சம் அதிகம்.

அதனால் மகளிடம் சொல்லுங்கள்: கார்டியாலஜி, நெஃப்ரோ, நியூரோ போஸ்டிங்குகளை லீவு நாளாக நினைக்க வேண்டாம். அங்கே டி.எம். இரண்டாம் வருடம் படிக்கிறவரிடம் இரவு டியூட்டி எப்படி, முடித்த சீனியர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், பாண்ட் (படிப்பு முடித்ததும் கட்டாயமாக வேலை செய்ய வேண்டிய ஒப்பந்தம்) எத்தனை வருடம் என்று கேட்கட்டும். பேராசிரியரைவிட அவர் உண்மையைச் சொல்வார். அமெரிக்க யோசனை இருந்தால் இப்போதே முடிவு செய்வது நல்லது. இங்கே வாங்கிய எம்.டி.யை வைத்து நேராக ஃபெலோஷிப்பில் சேர்கிறவர்கள் அபூர்வம். பெரும்பாலோர் யு.எஸ்.எம்.எல்.இ. என்கிற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வை எழுதி, அங்கே மூன்று வருட ரெசிடென்சியை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.